விவாதம் நமக்கு, ஆதாயம் யாருக்கு?

(மாரமங்கலத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வேலை முடிந்து வீடு திரும்பி, டெலிவிஷன் முன்னால் உட்காருகிறோம். அங்கே நான்கு பேர் அரசியல் விவாதம் செய்கிறார்கள். நம் கண் பாதி அங்கே, பாதி கையிலுள்ள செல்போனில். இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

முன்பு டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார்; பத்துப் பேர் கேட்பார்கள். சந்தேகமும் பதிலும் அங்கேயே பிறக்கும். இன்று என்ன நடக்கிறது? ஒரு மணி நேர விவாதத்தில் நாற்பது விநாடியை வெட்டியெடுத்து, "எதிரி வாயடைத்துப் போனார்" என்று தலைப்புப் போட்டு வாட்ஸப் குழுக்களில் விடுகிறார்கள். மறு கட்சிக்காரர் அதே விவாதத்தில் வேறொரு துண்டை வெட்டுகிறார். இருவரும் "ஜெயித்தோம்" என்கிறார்கள். முழுவதையும் பார்க்காதவர்கள் தீர்ப்புக் கூறுகிறார்கள். பெண் நெறியாளர் கூர்மையாகக் கேட்டுவிட்டாலோ, பதில் வருவதில்லை, வசைதான் வருகிறது.

இது நம் நாட்டில் மட்டுமல்ல. 2012 அக்டோபர் 3ல் அமெரிக்காவில் ஒபாமாவும் ராம்னியும் மோதிய முதல் விவாதத்தின்போது, 90 நிமிஷத்தில் ட்விட்டரில் ஒரு கோடிக்கு மேல் பதிவுகள். பேசவேண்டியது வேலை, வரி, வைத்தியம். ஆனால் பொது ஒளிபரப்புக்கு மானியத்தை நிறுத்துவேன் என்ற ராம்னி, குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பெரிய பறவைப் பொம்மையைக் குறிப்பிட்டார். உடனே பொம்மையைப் பற்றிய கேலி வெள்ளமாய்ப் பெருகிற்று!

ஆதாயம் யாருக்கு? 2014ல் பேஸ்புக் கம்பெனி வாட்ஸப்பை வாங்க 1,900 கோடி டாலர் விலை பேசிற்று. 2022ல் ஈலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கி, மறு வருஷம் 'எக்ஸ்' என்று பெயர் மாற்றினார். தர்மத்துக்கா கொடுத்தார்கள்? நாம் கோபத்தோடு திரையைத் தேய்க்கும் நேரமெல்லாம் அவர்களுக்கு விளம்பர வருமானம்.

செல்போனைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்காததைக் கண்டித்துத் தமிழகம் போராடிய வேளையில், 2018 ஏப்ரல் 12ல் பிரதமர் மோடி சென்னைக்கு வந்தார். 'கோ பேக் மோடி' என்ற ஹேஷ்டேக் ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. தெருவில் கறுப்புக் கொடி பிடித்த மக்கள் அதன் பின்னால் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

நம் சேர்வராயன் மலைக்கு வருவோம். 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி பட்டா, காப்பித் தோட்டக் கூலி, மிளகு விலை ஆகியவை எத்தனை இரவு விவாதத்துக்கு வந்தன? ஆனால் ஒரே தோட்டத்தில் ஒரே கூலி வாங்கும் இருவர், யாரோ வெட்டிய துண்டுக்காகக் குழுவில் வைதுகொண்டு, மறுநாள் முகம் பார்க்க மறுக்கிறார்கள். கூலி உயர்வு கேட்கும்போது யார் சேர்ந்து நிற்பது? பெரிய நஷ்டம் இதுவே.

ஆகவே செய்யவேண்டியது மூன்று. விவாதத்தைச் சேர்ந்து பாருங்கள், பார்த்தபின் பேசுங்கள். துண்டு வந்தால் முழுவதையும் தேடிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். நம் பக்கத்துப் பொய்யானாலும் பொய்தான். மூன்றாவதாக, டெலிவிஷன் நிலையங்கள் கேள்வி அனுப்பச் சொல்லும்போது, வசைக்குப் பதிலாக நம் மலையின் கோரிக்கையை எழுதுங்கள். ஒருவரல்ல, ஊரே எழுதவேண்டும். எழுதியதோடு நில்லாமல், மனுவோடு தாலுகா ஆபீசுக்கும் சேர்ந்து போகவேண்டும்.