555 புத்தகத்தில் ஆறு வெள்ளி

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





நம் சங்கம் தொடங்கிய காலத்தில் சிங்கப்பூரில் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது, விலைவாசி என்ன, மக்கள் எதைப் பார்த்து ரசித்தார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் பிறந்ததே எண்பதுகளில். பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா படித்துவிட்டு மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறவன். அறுபதுகளைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் நூறு பேர் இருக்கிறீர்கள். ஆனால் உங்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. என் பாட்டனாரின் கடன் புத்தகங்கள், மொத்தம் பதினொன்று.

எங்கள் குடும்பத்தில் பெற்றவரை வாப்பா என்போம், பாட்டனாரை அப்பா என்போம். இன்று நான் அப்பா என்று சொல்வதெல்லாம் பாட்டனாரைத்தான். இளையவர்கள் குழம்ப வேண்டாம்.

அப்பாவின் கடை சோங் பாங் கிராமத்தில் இருந்தது. இன்று ஈசூனில் நாம் நாசி லெமாக் சாப்பிடப் போகிறோமே, அந்தச் சோங் பாங் இல்லை. பழைய கிராமம் செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள், மலையாளிகள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லாரும் வந்து போகும் இடம். கடை என்று நான் சொன்னாலும் அது அஞ்சடியில் பலகை அடித்த ஓர் ஒட்டுக்கடைதான். மற்ற இனத்தார் 'மாமா கடை' என்பார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, சிகரெட், வெற்றிலை, பத்திரிகை எல்லாம் அந்தப் பலகைக்குள் அடக்கம்.

அட்டையில் 555 என்று அச்சடித்த சின்னக் குறிப்புப் புத்தகம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சட்டைப் பையில் அடங்கும். கடன் கணக்கெல்லாம் அதில்தான். அப்பா ஆள் பெயர் எழுத மாட்டார், தொழிலை எழுதுவார். 'கிரேன்', 'தபால்', 'டாக்யார்டு மலாய்', 'பெயின்டர்', 'ரெண்டு பொஞ்சாதி'. கடைசியில் சொன்னது யாரென்று வாப்பாவிடம் கேட்டேன். சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

புத்தகத்தில் உள்ளபடி விலைகளைச் சொல்கிறேன். அரிசி கட்டி 35 காசு. கட்டி என்றால் 16 தாஹில், ஏறத்தாழ 600 கிராம். கிலோவெல்லாம் எழுபதுகளில் வந்த கதை. முட்டை 10 காசு. சிகரெட் ஒற்றையாக 5 காசு. பக்கத்துக் கோப்பிக்கடையில் கோப்பி-ஓ 10 காசு, பால் கோப்பி 15 காசு, பரோட்டா ஒன்று 10 காசு.

இதைச் சொன்னதும் மண்டபத்தில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. வீட்டிலும் அப்படித்தான். "அந்தக் காலத்துல பதினஞ்சு காசுக்குக் கோப்பி" என்று ஒருவர் தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும். கணக்குப் படித்தவன் என்பதால் ஒன்று மட்டும் போட்டுக் காட்டிவிடுகிறேன். அப்பாவின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாதம் நூற்றைம்பது வெள்ளிக்குள் சம்பளம் வாங்கியவர்கள். நாளுக்கு ஐந்து வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 33 பால் கோப்பி குடிக்கலாம். இந்தக் காலத்தில் கோப்பி ஒரு வெள்ளி இருபது காசு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாற்பது வெள்ளி வாங்கும் ஒருவர் எத்தனை குடிக்கலாம்? அதே 33. கோப்பி அன்றும் இன்றும் ஒரே விலைதான், என்னைக் கேட்டால்.

உண்மையிலேயே மலிவாக இருந்தது வாடகை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓரறை வீட்டை மாதம் 20 வெள்ளிக்கும், ஈரறையை 40க்கும், மூவறையை 60க்கும் கொடுத்தது. கிராமத்து அத்தாப்புக் குடிசையில் அதைவிடவும் குறைவு, மழை பெய்தால் ஒழுகும் என்பது வேறு. எட்டாத விலையில் இருந்தது தொலைக்காட்சிப் பெட்டி. மூன்று நான்கு மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். 1963 பிப்ரவரியிலேயே இங்கே ஒளிபரப்பு தொடங்கிவிட்டது. ஆனால் வாப்பா அதைப் பார்த்தது சமூக மன்றத்தில், ஊரே கூடித் தரையில் உட்கார்ந்து. முன்னால் இருக்கிற தலைகளுக்கு நடுவே தெரிந்தது போதும் என்று பார்த்தாராம்.

சினிமா இன்னொரு சுவாரஸ்யம். கிராமத்திலேயே சுல்தான் தியேட்டர் இருந்தது. பெரிய படம் என்றால் பஸ் பிடித்து நார்த் பிரிட்ஜ் ரோட்டில் டைமண்டுக்கோ ராயலுக்கோ போவார்கள். அப்பா வாழ்நாளில் ஒரு படம் பார்த்ததில்லை, பிள்ளைகளையும் விடமாட்டார். ஆனால் கடையில் சினிமாப் பாட்டுப் புத்தகம் தொங்கும்! புத்தகம் பத்துக் காசு. "விக்கிறது வியாபாரம், பாக்கிறதுதான் பாவம்" என்பாராம். அந்தப் பக்கமே முஸ்லிம் முரசும் மணிவிளக்கும் தொங்கும். எது அதிகம் விற்றது என்று கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, இந்தச் சபையில் சொல்ல மாட்டேன்.

1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட செய்தி வந்தபோது கடை வாசலில் கூட்டம் கலையவே இல்லையாம். பிறகு 'காவல்காரன்' இங்கே வந்தது. குண்டடிபட்ட பிறகு அவர் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காகவே போனவர்கள் உண்டு. வாப்பாவும் திருட்டுத்தனமாகப் போனார். ஐம்பது வருடமாக மறைத்து வைத்திருந்ததை இன்று போட்டுடைத்துவிட்டேன், மன்னிக்கவும். கடையில் இருந்த டிரான்சிஸ்டரில் சிங்கப்பூர் வானொலியின் தமிழ்ப் பகுதி ஓடும். நாகூர் ஹனீபா குரல் வந்தால் மட்டும் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். சாமான் நிறுக்கும் கை கொஞ்சம் நிற்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் சொல்ல வந்தது.

1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை இங்கிருந்து நூறு வெள்ளி அனுப்பினால் ஊரில் ஏறத்தாழ 155 ரூபாய். குறைத்த பிறகு ஏறத்தாழ 245 ரூபாய். அப்பா அந்த மாதம் சந்தோஷமாக இருந்ததாக வாப்பா சொல்வார். நோட்டு மதிப்பிழந்தால் அடுத்தவனுக்குத்தான் நஷ்டம் என்று நினைத்திருப்பார்.

மறுவருடம், 1967 ஜூன் 12ஆம் தேதி, சிங்கப்பூர் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. ஆர்க்கிட் பூப் போட்ட நோட்டுகள். பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டும் கூடவே புழங்கியது. பழையது ஒரு வெள்ளி, புதியது ஒரு வெள்ளி, இரண்டும் ஒன்று. யாரும் அவசரப்பட்டு மாற்றவில்லை. புது நோட்டைப் பொம்மை நோட்டு மாதிரிப் பார்த்து, ராணி படம் போட்ட பழைய நோட்டையே நம்பிச் சேர்த்து வைத்தவர்களும் இருந்தார்கள்.

நவம்பர் 18, சனிக்கிழமை. லண்டனில் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்துவிட்டார்கள். இங்கே ஞாயிறு விடிந்தது. புதிய சிங்கப்பூர் வெள்ளி அசையவில்லை. பழைய நோட்டு பவுனோடு கட்டப்பட்டது, அது பவுனோடு விழுந்தது. ஒரு பழைய வெள்ளிக்கு இனி 85 காசு. மலேசியாவிலும் இதே கதை. பினாங்கில் இதை எதிர்த்துக் கடையடைப்பு நடந்து, அது கலவரமாகி உயிர்கள் போயின.

நம் கடையில் கலவரம் ஒன்றும் இல்லை. பெயின்டர் வந்தார்.

டாக்யார்டில் பெயின்ட் அடிக்கும் வேலை, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இந்து. பெயரைச் சொல்லவில்லை, பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். கடையில் அவருக்கு நாற்பது வெள்ளி பாக்கி. மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்த பழைய நோட்டு நாற்பதைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். அப்பா எண்ணிவிட்டு 34 என்று வரவு வைத்தார்.

"பாய், நான் சாமான் எடுத்தப்போ என் வெள்ளி முழு வெள்ளி. கடனும் அந்த வெள்ளியிலதான்" என்றார் பெயின்டர்.

"எனக்குச் சரக்குப் போடுற தவுக்கே எண்பத்தஞ்சுக்குத்தான் எடுப்பான். நான் என்ன செய்ய?" என்றார் அப்பா.

பெயின்டர் பேசவில்லை. நோட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு எதிர்ச் சாரியில் நடந்தே போவாராம்.

இந்த இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று பல முறை யோசித்திருக்கிறேன். படித்த கணக்கியலின்படி அப்பா செய்தது சரி. அவருடைய பெட்டியிலும் 380 வெள்ளி பழைய நோட்டு இருந்தது. 'பழைய நோட்டு நஷ்டம் 57' என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு வாரத்தில் நோன்பு. கஞ்சிக்கு அரிசி வாங்கிப் போட வேண்டும், ஊருக்குப் பெருநாள் பணம் அனுப்ப வேண்டும். ஆனால் பெயின்டர் கேட்ட கேள்விக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் பதில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆறு வெள்ளி என்றால் 17 கட்டி அரிசி, அதாவது பத்து கிலோ. தனி ஆளுக்கு ஒரு மாதச் சோறு.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் ஆங்கிலப் புத்தாண்டையொட்டி வந்தது. பெருநாள் முடிந்து இரண்டு வாரம்தான். 1968 ஜனவரி 16ஆம் தேதி பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் அறிவித்தார், 1971 முடிவுக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. சோங் பாங்கில் ஐந்தில் ஐந்தும் அதை நம்பித்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் டாக்யார்டை அடையாளமாக ஒரு வெள்ளிக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தார்கள். அது செம்பவாங் கப்பல் பட்டறையானது, பலருக்கு அங்கேயே வேலை தொடர்ந்தது. ஆனால் குடியுரிமை எடுக்காதவர்கள், வயதானவர்கள், ஊரில் குடும்பம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். 555 புத்தகத்தில் பக்கங்கள் தீரத் தொடங்கின. 'கிரேன்' முழுக்கக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். 'தபால்' 22 வெள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'ரெண்டு பொஞ்சாதி' ஒரு காசு பாக்கி இல்லை, ஆச்சரியம்தான். இந்த வருடங்களில்தான் நம் சங்கமும் தொடங்கியது. வேலை போனவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வீடு வீடாக ஒரு வெள்ளி வசூலித்ததைப் பெரியவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பா புத்தகத்திலும் 'சங்கம் 1.00' என்று மாதா மாதம் இருக்கிறது.

பெயின்டர் பக்கத்தில் ஆறு வெள்ளி அப்படியே நின்றது. 1970இல் ஒரு நாள், வேறு மையில், அதைக் குறுக்கே கோடிட்டு அடித்துப் பக்கத்தில் 'ஹலால்' என்று எழுதியிருக்கிறார் அப்பா. பணம் வந்ததாக வரவில் இல்லை. வாப்பாவிடம் கேட்டேன். அவருக்கு அப்போது பதினான்கு வயது.

பெயின்டர் ரஜூலா கப்பலில் ஊருக்குப் போகிறார் என்று யாரோ வந்து சொன்னார்களாம். அப்பா அன்று கடையைப் பூட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தவிரப் பூட்டாத கடை. வாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறித் துறைமுகத்துக்குப் போனார். கையில் ஒரு பொட்டலம். கோப்பித் தூள், பால் டின், பெயின்டர் மகளுக்கு ஒரு கைலி. கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து, "அண்ணே, அந்த ஆறு வெள்ளியை நீங்க எனக்கு ஹலாலாக்கிடணும்" என்றார்.

கடன் வாங்கியவர் அவர். மன்னிப்புக் கேட்டது கொடுத்தவர். பதினான்கு வயதுப் பையனுக்கு அது ஒன்றும் புரியவில்லை, அப்பாவுக்குக் கணக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்தாராம். பெயின்டருக்கும் ஹலால் என்ற சொல் சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது. "என்ன பாய், காசு கேக்க வந்தீங்களா?" என்றிருக்கிறார். இல்லை இல்லை என்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். பெயின்டர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "வாங்க, கப்பலுக்கு நேரம் இருக்கு" என்று பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய் மூன்று கோப்பி சொன்னார். அப்பா மடியில் கை வைப்பதற்குள் அவரே காசைக் கொடுத்துவிட்டார்.

மூன்று பால் கோப்பி, 45 காசு. அன்றிரவு அப்பா அதையும் எழுதி வைத்திருக்கிறார். பற்றுப் பக்கத்தில்.

புத்தகங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், வெளியே மேசையில் இருக்கின்றன. பெரியவர்கள் வந்து புரட்டிப் பார்த்து, யார் எந்தத் தொழில் பெயரில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பாக்கி இருந்தாலும் கேட்க மாட்டேன்.

வஸ்ஸலாம்.