துப்பாக்கிச் சத்தம் கேட்கும் வேளையில்: பலெர்மோ வாழ் பெற்றோருக்கும் இளையோருக்கும்

(பலெர்மோ தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யூலை 14ஆம் நாள் இரவு, புனித ரொசாலியாவின் பெருவிழாவில் வாணவேடிக்கை தொடங்கும்போது நம்மவர் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கைதட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் தாயின் கையோ, தன்னை அறியாமலே பிள்ளையின் தோளை அழுத்திக் கீழே தாழ்த்தும். எறிகணைக்கும் கிபிருக்கும் பழகிய உடல் அது. இந்நகரிலோ பிறந்தநாளுக்கும் வெடி, உதைபந்தாட்ட வெற்றிக்கும் வெடி. இங்கு வளர்ந்த பிள்ளைக்கு அது கொண்டாட்டத்தின் சத்தம். துப்பாக்கிச் சத்தம் அறியாத ஒரு தலைமுறை நமக்குக் கிடைத்தது பெரும்பேறே. எனினும் "யாரோ வெடி கொளுத்துகிறார்கள்" என்று நின்றுவிடும் அந்தச் சில நொடிகள் உயிரைப் பறிக்கக் கூடும் என்பதனாலேயே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

பலெர்மோ என்றதும் 1992ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புகளும் நீதிபதிகள் பல்கோனே, பொர்செல்லினோ ஆகியோரின் கொலைகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நம் பிள்ளைகளுக்கு அருகில் இருக்கும் ஆபத்து வேறு வகையானது. 2023 டிசெம்பரில் இங்குள்ள நடனவிடுதி ஒன்றினுள் ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். 2025 ஏப்ரல் 27ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், மொன்ரெயாலே நகரில், திரண்டிருந்த இளையோர் நடுவே சுட்டதில் மூன்று இளைஞர் மாண்டனர். மோட்டார் சைக்கிள் ஓட்டிய விதம் பற்றிய வாய்த்தகராறே தொடக்கம் எனச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் அதிகாலை, தெயாத்ரோ மாஸிமோ அரங்கிற்கு அருகில், தம் குடும்பத்தின் மதுச்சாலை வாசலில் நடந்த சண்டையை விலக்கச் சென்ற 21 வயது இளைஞர் கொல்லப்பட்டார். அந்தத் தெருக்களில்தான் நம் பிள்ளைகள் சனிக்கிழமை இரவில் கூடுகிறார்கள். நம்மவர் பலர் அங்குள்ள உணவகங்களில் வேலை முடித்து நள்ளிரவில் வீடு திரும்புகிறார்கள்.

பெற்றோர்களே, தாயகத்தில் நாம் பதுங்குகுழியை ஏன் 'ட' வடிவில் வெட்டினோம்? சிதறல் நேர்கோட்டில் வரும். ஒரு வளைவு இருந்தால் உள்ளே இருப்பவரைத் தொடாது. அந்த அறிவு இங்கும் அப்படியே பொருந்தும். சத்தம் கேட்டவுடன் நேர்த்தெருவில் நெடுந்தூரம் ஓடுவதைவிட, அருகிலுள்ள மூலையில் திரும்பிவிடுவது மேல். திரும்பிய பின்னும் நில்லாது தொலைவுக்குச் செல்லுங்கள். பழைய நகரின் தடித்த கற்சுவர் குண்டைத் தடுக்கும். காரின் கதவு தடுக்காது. இயந்திரம் உள்ள முன்பக்கமும் சக்கரமும் ஓரளவு மறைப்புத் தரும். கடைக்குள் இருந்தால் உருட்டுக் கதவை இழுத்துவிட்டு அதன் பின்னால் நிற்காமல், பின்புறச் சமையலறைக்குச் செல்லுங்கள். அந்தத் தகடும் மெல்லியதே.

ஆனால் நம் பழைய அறிவு ஓரிடத்தில் நம்மைத் தவறாக வழிநடத்தும். எறிகணைக்கு விழுந்து படுத்தோம். அது யாரையும் தேடி நடந்து வருவதில்லை. துப்பாக்கி ஏந்தியவர் நடந்து வரக்கூடும். ஆகவே வெளியேற வழி இருந்தால் வெளியேறுவதே முதல். வழி இல்லையெனில் பூட்டக்கூடிய அறையில் ஒளிந்து, விளக்கை அணைத்து, தொலைபேசியின் ஒலியையும் அதிர்வையும் நிறுத்துங்கள். ஓடவும் ஒளியவும் இடமின்றிக் குண்டுகள் பறக்கும்போதுதான் நிலத்தோடு நிலமாகப் படுக்க வேண்டும். நின்று படம் பிடிக்கும் பழக்கத்தைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

இளையோர்களே, எனக்குச் சொல்லக் கடினமான ஒன்றைச் சொல்கிறேன். அடிபடுபவனைக் கண்டால் விலக்கிவிடு என்றே உங்களை வளர்த்தோம். ஒக்டோபரில் இறந்த அந்த இளைஞரும் அதையே செய்தார். அவர் செய்ததைத் தவறு என்று கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அறிமுகமற்றவர் சண்டைக்கு நடுவே உடலைக் கொடுக்காதீர்கள். குரல் உயரும்போதே உங்கள் நண்பனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புறப்படுங்கள். உள்ளே சென்று 112ஐ அழையுங்கள். அதுவும் விலக்கிவிடுவதுதான். சண்டை ஓய்ந்துவிட்டது என எண்ணி அங்கேயே நிற்பதும் ஆபத்து. அவமானப்பட்டுச் சென்றவர் ஆயுதத்துடன் திரும்பி வருவதுண்டு.

112ஐ அழைத்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: தெருவின் பெயர், அருகிலுள்ள கடை. பிறகு "ஸ்பாரனோ", அதாவது சுடுகிறார்கள் என்ற ஒரு சொல். இத்தாலி மொழி சரளமாக வராத அம்மாமாருக்கும் இவ்வளவு போதும். பேச முடியாத நிலையில், 112 சேவையின் 'வேர் ஆர் யூ' என்னும் செயலி நீங்கள் நிற்கும் இடத்தைத் தானே அனுப்பும். பேசாமலே உதவி கேட்கும் வசதியும் அதில் உண்டு. சூடு நின்றபின் காயப்பட்டவருக்கு உதவ முடிந்தால், துணியைக் காயத்தின் மேல் வைத்து இரு கைகளாலும் விடாது அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். காவற்றுறையினர் வரும்போது அவர்களை நோக்கி ஓடாமல், வெறுங்கைகளைத் தெரியும்படி காட்டுங்கள்.

பெற்றோர்களே, அவ்வேளையில் பிள்ளையைத் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். ஒளிந்திருக்கும் பிள்ளையின் கையில் ஒலிக்கும் தொலைபேசி அவனைக் காட்டிக்கொடுக்கும். "பத்திரம்" என்ற ஒரு சொற் குறுஞ்செய்தியும் பின்னர் சந்திக்கும் ஓரிடமும் என முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். பதறிக்கொண்டு அவ்விடத்திற்கு ஓடியும் வராதீர்கள்.

இன்னொன்று. "கண்டதைச் சொல்லாதே, வதிவிட அனுமதிக்குச் சிக்கல் வரும்" என்று பிள்ளைகளின் வாயை மூடுபவர் நம்மிடையே உண்டு. 2016 ஏப்ரலில் பல்லாரோ பகுதியில் கம்பியா நாட்டு இளைஞர் ஒருவர் தலையில் சுடப்பட்டார், உயிர் தப்பினார். அதன்பின் அப்பகுதியின் வங்கதேச வணிகர்கள், நம்மைப் போன்ற குடியேறிகள், தம்மிடம் கப்பம் கேட்டவர்களைப் பற்றித் துணிந்து முறையிட்டனர், கைதுகள் நடந்தன. சாட்சி சொல்வதா இல்லையா என்பதை உங்கள் பிள்ளை உங்களுடன் இருந்து முடிவு செய்யட்டும். அச்சத்தை மட்டும் அவனுக்குச் சொத்தாகக் கொடுக்காதீர்கள்.

கைத்தொலைபேசி வைத்திருப்போர் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். அந்தச் செயலியை ஒவ்வொருவருக்கும் நிறுவித் தருகிறேன். பிள்ளைகளும் உதவிக்கு வரலாம்.