கட்டணம் வேறு, கதவு வேறு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருக்கும் பொருளைப் பற்றி ஓட்டெடுப்புக்கு முன்னால் கொஞ்சம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளப் ஹவுஸ் மாடியில் இப்போது பூட்டிக் கிடக்கும் ஹாலை ஏ.சி., சோஃபா, பெரிய டிவி, காபி மெஷின் எல்லாம் வைத்து லவுஞ்சாக மாற்றலாம் என்பது யோசனை. கூடுதல் தொகை கட்ட முன்வரும் வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு கார்டு கொடுக்கப்படும். கார்டு இருந்தால்தான் கதவு திறக்கும். மற்றவர்களுக்கு வழக்கம்போல் கீழ்த்தள ஹால். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கார்டு கிடையாது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது நம் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து கப்பல் சுற்றுலா போய்வந்த ஒரு குடும்பத்தார் படங்கள் போட்டார்கள். அதைப் பார்த்த இன்னொருவர், "வெளிநாட்டுக் கப்பல்களில் சூட் ரூம்காரர்களுக்குத் தனி லவுஞ்சே உண்டு, இங்கே ஏன் கூடாது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கோபப்படாமல், கிண்டல் செய்யாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதனால் நானும் கப்பலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல் பயணத்தை 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் அது. எந்த சொகுசுக் கப்பலிலும் அறைகள் பல தரம். ஜன்னல் இல்லாத உள் அறை, கடல் தெரியும் அறை, பால்கனி அறை, சூட். அதே கப்பல், அதே கடல், போய்ச் சேரும் ஊரும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் வேறு. இதுவரை யாருக்கும் வருத்தம் இல்லை. நம் குடியிருப்பிலும் 2 பெட்ரூம் வீடும் இருக்கிறது, 3 பெட்ரூம் வீடும் இருக்கிறது. பெரிய வீட்டுக்குப் பெரிய விலை.

ஆனால் உலகத்தின் பெரிய கப்பல்களில் விஷயம் அறையோடு நிற்பதில்லை. எம்.எஸ்.சி. நிறுவனம் 2008இல் 'ஃபான்டாசியா' கப்பலில் 'யாட் கிளப்' என்று ஒரு பகுதியை அமைத்தது. அங்கே தங்குபவர்களுக்குத் தனி லவுஞ்ச், தனி நீச்சல் குளம், தனி உணவகம். நார்வீஜியன் நிறுவனத்தில் இதற்கு 'ஹேவன்' என்று பெயர். குனார்ட் கப்பல்களில் நீங்கள் எந்த உணவகத்தில் சாப்பிடலாம் என்பதே நீங்கள் எடுத்த அறையைப் பொறுத்தது. ராயல் கரீபியனில் சூட்காரர்களுக்கு ஒரு லவுஞ்ச். பலமுறை பயணம் செய்து 'டைமண்ட்' தகுதி பெற்றவர்களுக்கு வேறொரு லவுஞ்ச். கப்பலுக்குள் இன்னொரு கப்பல் என்று சொல்லலாம்.

ஏன் இப்படி ஆனது? 2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் 7,000க்கும் மேற்பட்ட பயணிகள் போகலாம். அவ்வளவு பேர் ஒரே இடத்தில் இருந்தால் காபிக்கு வரிசை, லிஃப்டுக்கு வரிசை, குளத்தோரம் ஒரு நாற்காலிக்குக்கூடப் போட்டி. அப்போது அமைதியும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. பொது இடத்தில் நெரிசல் கூடக் கூட, தனி இடத்தின் விலையும் கூடும். கப்பல் கம்பெனி வியாபாரம் செய்கிறது. பிடிக்காவிட்டால் அடுத்த முறை நாம் வேறு கப்பலில் ஏறலாம். நாலு நாளில் இறங்கியும்விடுவோம். குடியிருப்பிலிருந்து அப்படி இறங்கிப் போக முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்து மக்களுக்குக் கப்பல் வகுப்புகள் புதிதல்ல. பழைய தென்னாற்காடு, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து மலேயாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலரை ஏற்றிப் போனது 'ரஜூலா' என்ற கப்பல். 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதில் கேபின் அறைகள் கொஞ்சம் பேருக்குத்தான். மற்றவர்கள் டெக் பயணிகள். தொடக்க காலத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் படுக்கை கிடையாது. தளத்தில் கிடைத்த இடத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு வந்த 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது.

படுக்கை இல்லாத அந்தப் பயணிகளுக்கு நிலைமை எப்படி மாறியது? முதல் வகுப்பு லவுஞ்சை இடித்ததால் மாறவில்லை. ஒரு டெக் பயணிக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு இடம், இவ்வளவு காற்று, இத்தனை கழிப்பறை இருந்தே ஆக வேண்டும் என்று விதி வந்ததால் மாறியது. அப்படிப்பட்ட பயணிகளுக்காக 1931இல் 'சிம்லா விதிகள்' வந்தன. 1971இல் பல நாடுகள் சேர்ந்து அவற்றுக்குப் பதிலாகப் புது ஒப்பந்தமே போட்டன. மேல்தளத்தில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கீழ்த்தளத்தில் எது குறையக் கூடாது என்பதைத்தான் அந்த விதிகள் பார்த்தன.

ரயிலிலும் இதே கதைதான். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் போனது. பெயர் போனதே தவிர பலகை போகவில்லை. 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பு மர பெர்த்துகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட ஏற்பாடு செய்தார். முதல் வகுப்பை ஒழிக்கிறேன் என்று அவர் கிளம்பவில்லை. அந்த இரண்டு அங்குலம் கோடிக்கணக்கான முதுகுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று மயிலம் ஸ்டேஷனைத் தாண்டி இரவில் விரையும் வண்டிகளில் ஸ்லீப்பர் வகுப்பில் தூங்குபவர்கள் எல்லோரும் அந்த முடிவின் மேல்தான் படுத்திருக்கிறார்கள்.

வசதியைப் பிரிப்பது ஒன்று, வழியைப் பிரிப்பது இன்னொன்று. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை எல்லோரும் சினிமாவில் பார்த்திருக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பகுதியைத் தடுப்பு வைத்துப் பிரித்திருந்ததற்கு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம்தான் முக்கியக் காரணம். நோய் பரவக் கூடாது என்று அந்தச் சட்டம் அப்படிக் கேட்டது. உயிர்காக்கும் படகுகள் இருந்ததோ மேல் தளத்தில். முடிவில் முதல் வகுப்பில் 10 பேருக்கு 6 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 4 பேருக்கு ஒருவர்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்தக் கதவுகளை வைக்கவில்லை. சாதாரண நாளில் வசதிக்காக வைக்கும் கதவு, அசாதாரண நாளில் என்ன செய்யும் என்று யோசிக்காமல் வைத்துவிட்டார்கள். நம் மாடி ஹாலின் பின்பக்கம்தான் மொட்டை மாடிக்குப் போகும் இரண்டாவது படிக்கட்டு இருக்கிறது என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

இப்போது மனசு சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். விமானங்களில் பயணிகள் சண்டை போடுவதைப் பற்றி டிசெல்ஸ், நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் வகுப்பு இருக்கும் விமானங்களில் சாதாரண வகுப்பில் தகராறு நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். எல்லோரும் முன்வாசல் வழியாக ஏறி, முதல் வகுப்பைக் கடந்து தங்கள் சீட்டுக்குப் போக வேண்டியிருந்தால் அது இன்னும் கூடியது. கவனியுங்கள், சீட்டின் அகலம் அதேதான். தினமும் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே கடந்து போக வேண்டும் என்பதுதான் உறுத்துகிறது. விமானத்தில் அது சில மணி நேரம். இங்கே நம் பிள்ளைகள் தினமும் மாலை அந்தக் கண்ணாடிக் கதவைக் கடந்துதான் விளையாடப் போவார்கள்.

லண்டனில் லாம்பெத் பகுதியில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவர்கள் ஒரு பக்கம், குறைந்த வாடகையில் இருப்பவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் விளையாட்டுத் திடல். வாடகைப் பக்கத்துக் குழந்தைகள் அதற்குள் வர முடியாதபடி வேலி போட்டு அடைத்திருந்தார்கள். 2019இல் செய்தி வெளியே வந்ததும் பெரிய கண்டனம் எழுந்தது, வழி திறக்கப்பட்டது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, தடை வேண்டாம் என்று குரல் கொடுத்தவர்களில் சொந்த வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் சிநேகிதர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்க்க அவர்களுக்கும் பிடிக்கவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். கூடுதல் வசதிக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. கரண்ட் பில் சும்மா வராது. ஆனால் கட்டணம் வேறு, கதவு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'அதே தொகையை நானும் கட்டுகிறேன்' என்று இன்னொருவர் வந்தால் உள்ளே விடுவோமா? விடுவோம் என்றால் அது கட்டணம். கட்டினாலும் விட மாட்டோம் என்றால், அங்கே ஆளைப் பார்த்துக் கதவு திறக்கிறோம் என்று அர்த்தம். நம் தென்னிந்திய ரயில் நிலைய உணவு விடுதிகளில் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார வைத்த வழக்கம் 1941 வரை இருந்தது. இட்லிக்கு இரண்டு பக்கமும் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டார்கள். ஆக அங்கே பிரச்சினை காசு இல்லை. வாடகைதாரருக்குக் கார்டே கிடையாது என்ற வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் பலகைகள்தான் நினைவுக்கு வந்தன. நம்மில் பல வீடுகளில் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவதே வாடகைதாரர்கள்தான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் சமுதாய வசதிகளைப் பொதுப் பகுதியில்தான் சேர்க்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் பொதுப் பகுதியைப் பிரிக்க முடியாத பங்காகத்தான் பார்க்கிறது. நம் பத்திரத்தில் யு.டி.எஸ். என்று எழுதியிருப்பது அதுதான். ஒருவருக்குப் பங்கு பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கலாம். 'மாடி ஹாலில் இந்த மூலை என்னுடையது' என்று யாரும் கோடு போட முடியாது. கப்பல் முழுவதும் கம்பெனியின் சொத்து, அவர்கள் கோடு போடலாம். இந்த ஹால் ஏற்கெனவே நம் எல்லோருக்கும் சொந்தம். சொந்த இடத்துக்கு டிக்கெட் கேட்பது சரியாக இருக்காது.

அதனால் தீர்மானத்தை நிராகரிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். மூன்று திருத்தங்கள்.

ஒன்று, முதலில் கீழ்த்தள ஹால். இரண்டு மின்விசிறி ஓடவில்லை, கேரம் போர்டில் காய் பாதிதான் இருக்கிறது, மழை பெய்தால் ஜன்னலோரம் தண்ணீர். அது சரியான பிறகு மாடிக்குப் போவோம். நம்மில் பலர் தனி ஹால் கேட்பதே கீழே உட்கார முடியாததால்தான் என்று நினைக்கிறேன். தண்டவதேயின் இரண்டு அங்குலத்தை நாமும் முதலில் போடுவோம்.

இரண்டு, மாடி ஹாலுக்கு உறுப்பினர் கார்டு வேண்டாம், மணிக்கணக்கில் வாடகை வைப்போம். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். சொந்த வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் ஒரே தொகை. செலவு ஹாலைப் பயன்படுத்துபவர் பையிலிருந்து வரும். யாரும் யாருக்காகவும் கட்ட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை மூத்த குடிமக்களுக்கு இலவசம்.

மூன்று, எந்த முடிவானாலும் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகும் கதவில் கார்டு பூட்டு கூடாது. இது ஓட்டெடுப்புக்கு விட வேண்டிய விஷயமே இல்லை.

அமைதியாக உட்கார ஓர் இடம் வேண்டும் என்று கேட்டவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தால் எனக்கும் அது வேண்டும். அந்த அமைதி அடுத்த வீட்டுக்காரருக்கும் வேண்டும் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். கப்பலில் பக்கத்து அறைக்காரர் யாரென்று தெரியாமலே இறங்கிவிடலாம். இங்கே நடுராத்திரியில் நெஞ்சுவலி என்றால் கதவைத் தட்டப் போவது பக்கத்து வீட்டுக் கதவைத்தான். அது சொந்த வீடா, வாடகை வீடா என்று அப்போது பார்க்க மாட்டோம்.

திருத்தங்களோடு தீர்மானத்துக்கு உங்கள் ஆதரவைக் கேட்டுக்கொள்கிறேன்.