நின்ற தந்தியும் நிலைத்த சொல்லும்



2012ஆம் ஆண்டு ஜூலையில் டெலிகோம் மலேசியா நிறுவனம் தனது தந்திச் சேவையை நிறுத்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்நிறுவனம் யூனிஃபை என்னும் பெயரில் ஒளியிழை இணையச் சேவையைத் தொடங்கியிருந்தது. ஓராண்டு கழித்து, 2013 ஜூலை 14ஆம் நாளோடு இந்தியாவில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனமும் தந்தியை மூடியது. இரண்டுமே இணைய இணைப்பு வழங்கும் நிறுவனங்கள். நாள்தோறும் ஆள் குறைந்துவந்த பழைய சேவை அவற்றுக்குச் சுமையாகியிருந்தது. ஆயினும் இந்தியாவில் அந்தக் கடைசி நாளில் தந்தி அலுவலகங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுள் பலர் அதற்குமுன் ஒரு தந்திகூட அனுப்பாதவர்கள்.

அம்முடிவைக் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. பயன்படுத்துவோர் இல்லாத சேவையை எந்த நிறுவனமும் என்றென்றைக்கும் நடத்த இயலாது. ஒரு சேவை முடியும்போது அதைச் சுற்றி வளர்ந்த சொற்களுக்கு என்ன நேர்கிறது என்பதே நம் வினா. சேவையை நிறுத்துவோர் முன்னறிவிப்புத் தருகிறார்கள். சொல் வழக்கொழியும்போது அத்தகைய அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இந்தியாவில் 1850ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கும் டைமண்ட் துறைமுகத்துக்கும் இடையே சோதனைக் கம்பி இழுக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டின் இறுதிக்குள் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடிக் கம்பி போடப்பட்டுவிட்டது. நம் முன்னோர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய அதே கடற்பாதைதான் அது. வணிகத்துக்காகவும் ஆட்சிக்காகவும் போடப்பட்ட கம்பி, காலப்போக்கில் கூலித் தொழிலாளரின் சாவுச் செய்தியையும் சுமக்கலாயிற்று. 1929ஆம் ஆண்டு இம்மலையில் போ தேயிலைத் தோட்டம் தோன்றியபோது தந்தி உலகெங்கும் வேரூன்றியிருந்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். யாழின் இழையைச் சங்கத் தமிழ் நரம்பு என்றது. தந்தி என்பது வடசொல்லிலிருந்து வந்து, வீணைக்கம்பியைக் குறித்து நின்ற சொல். தந்தத்தை உடையது என்னும் பொருளில் யானைக்கும் தந்தி என்றொரு பெயர் உண்டு. அது வேறொரு வடசொல்லிலிருந்து பிறந்து, தமிழ் எழுத்தில் இதனோடு ஒருவடிவாயிற்று. வீணைக்கம்பியைக் குறித்த தந்தி பிறகு மின்கம்பியைக் குறித்தது. அதன்பின் அக்கம்பி வழியே வரும் செய்தியையும் குறித்தது. கருவியின் பெயர் அக்கருவியால் விளைந்ததற்கு ஆகிவருவதால் இதனைக் கருவியாகுபெயர் எனக் கொள்ளலாம். வகுப்பறையில் ஆகுபெயர் நடத்தும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் அண்டைமொழிகளும் இதே பொருளுக்குப் பெயர் தேடின. மலாய்மொழி கம்பி எனப் பொருள்படும் காவாட் என்னும் சொல்லையே செய்திக்கும் ஆக்கிக்கொண்டது. டெலிகிராம் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தாலிகெராம் என்றும் வழங்கியது. மலாயில் தாலி என்றால் கயிறு. சீனமொழி மின்னறிவிப்பு எனப் பொருள்படும் ஒரு சொல்லை அமைத்துக்கொண்டது. மூன்று மொழியினரும் அருகருகே வாழும் இம்மலையில், கம்பி, கயிறு, மின்னல் என மூன்று வழிகளில் மக்கள் ஒரே பொருளை அறிந்துகொண்டார்கள்.

தந்தியின் மொழி தனியே ஆராயத்தக்கது. சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் சுருக்கமே அதன் இலக்கணம். தந்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வந்தாலும் உரோமன் எழுத்தில் வந்தது. வலி, வழி, வளி ஆகிய மூன்றும் அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் படிப்பவர்தாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி தனக்கு வந்த தந்தியைக் கிராணியிடம் எடுத்துச் சென்றார். கிராணி அதைப் படித்துத் தமிழில் சொன்னார். ஒரு குடும்பத்தின் மிக அந்தரங்கமான செய்தி இன்னொருவர் வாய்வழியாகத்தான் அக்குடும்பத்தை அடைந்தது. தந்தி என்ற சொல்லைக் கேட்டதும் லயத்தில் எழுந்த அச்சத்துக்கு, வரும் செய்தி சாவுச் செய்தியாக இருக்குமோ என்ற ஐயம் ஒரு காரணம். அதைத் தானே படித்தறிய முடியாத கையறுநிலை மற்றொரு காரணம்.

இச்சுருக்க மொழிக்கு உகந்த தமிழ் வடிவம் ஒன்று உண்டு. ‘உடனே வரவும்’, ‘பணம் அனுப்பவும்’ என்பவற்றில் உள்ள ‘-வும்’ அது. இதில் நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாடு இல்லை. தந்தை மகனுக்கு அனுப்பினாலும் மகன் தந்தைக்கு அனுப்பினாலும் வடிவம் ஒன்றே. மதிப்புச்சொல் தேடிக் கட்டணத்தைக் கூட்டவும் வேண்டியதில்லை. இவ்வடிவம் தந்தியில் பிறந்ததன்று. ஆனால் தந்தி போன பின்பும் இது வாழ்கிறது. ‘தொடர்பு கொள்ளவும்’ என்று இன்றும் அறிவிப்புப் பலகைகளிலும் கைப்பேசிக் குறுஞ்செய்திகளிலும் எழுதுகிறோம்.

தந்தியோடு இணைந்த வினை ‘அடித்தல்’. மோர்சுக் கருவியின் விசையைத் தட்டியே செய்தி அனுப்பினர். ஆகவே ‘தந்தி அடி’ என்றது பொருந்தியது. இன்று இந்நாட்டுத் தமிழ்ப் பேச்சில் ‘போன் அடி’, ‘மெசேஜ் அடி’ என்கிறோம். தொடுதிரையை மெல்லத் தடவுகிறோம். ஆனாலும் வினை மாறவில்லை. திரிங்காப்பின் விடியற்காலைக் குளிரில் பற்கள் தந்தியடிக்கின்றன என்று ஒரு மாணவர் எழுதினால் நமக்கு உடனே விளங்குகிறது. அம்மாணவர் தந்தித்தாள் ஒன்றைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்.

சொல் எவ்வாறு பிழைக்கிறது என்பதை இங்கே காணலாம். பிறந்த வீடு இடிந்தாலும் குடியேற இன்னொரு வீடு கிடைத்த சொல் வாழும். தந்திக்குப் பல வீடுகள் கிடைத்தன. குளிரைச் சொல்லும் மரபுத்தொடர் ஒன்று. செய்தித்தாள் மற்றொன்று. 1942ஆம் ஆண்டு சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய நாளிதழ் இன்று தினத்தந்தியாக நடைபெறுகிறது. மலேசியாவில் தந்தி நின்ற அதே 2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தந்தி என்னும் பெயரிலேயே ஒரு தொலைக்காட்சி தொடங்கிற்று. ஆங்கிலச் சொல்லுக்கும் புதுவீடு கிடைத்தது. இந்தியத் தந்தி மூடப்பட்ட மறுமாதம், 2013 ஆகஸ்டில், டெலிகிராம் என்னும் கைப்பேசிச் செயலி வெளியாயிற்று. முன்னாளில் தந்தியும் டெலிகிராமும் ஒரு பொருட்சொற்கள். இன்று மாணவர்க்கு டெலிகிராம் என்றால் செயலி. தந்தி என்றால் நாளிதழ்.

வேறு வீடு கிடைக்காத சொற்களும் உண்டு. தந்திக்காரர், அவசரத் தந்தி, தந்தி மணியார்டர் ஆகியவற்றை இன்றைய மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். சேவையோடு சேர்ந்து அவையும் ஒதுங்கிவிட்டன.

தோட்டத்தின் சொற்களும் இதே நிலையில் நிற்கின்றன. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயக்கொட்டகை, தொழிலாளர் குடியிருந்த லயம், மேற்பார்த்த மண்டோர், கணக்கெழுதிய கிராணி ஆகியவை ஒரு வாழ்முறையின் சொற்கள். கிராணிக்கு மலாயில் கெராணி என்னும் உறவு உண்டு; அது பிழைக்கும். பெரட்டுக்கு அப்படிப்பட்ட புகலிடம் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையில் இயந்திரங்களும் அயல்நாட்டுத் தொழிலாளரும் வந்துவிட்டனர். தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணங்களுக்கு இறங்கிவிட்டன. பெரட்டு என்றால் என்னவென்று பட்டறிவால் சொல்லக்கூடியவர்கள் இப்போது தாத்தா பாட்டிமார்தாம்.

சேவைகளின் முடிவும் தொடர்கிறது. இந்நாட்டின் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி வலைப்பின்னல் 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. செப்புக்கம்பித் தொலைபேசிக்கு மாற்றாக ஒளியிழை வருகிறது. இவற்றின் சொற்களுக்கும் ஒருநாள் இந்நிலை வரும். பயனர் எண்ணிக்கை குறைந்தால் சேவையை மூடுவது நிறுவனத்தின் கணக்கு. மொழியாய்வில் கணக்கு வேறு. ஒரு சொல்லை அறிந்தவர் குறையக் குறைய, அதைப் பதிவு செய்யும் கடமை கூடுகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரையட்டும். முதற்பத்தியில் சொல், அடுத்ததில் பொருள், மூன்றாவதில் முதியவர் வாயில் வந்த முழு வாக்கியம் அப்படியே, நான்காவதில் எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்தக் காலம் என்ற விவரம். வாக்கியத்தைத் திருத்த வேண்டா. கொச்சை என்று விலக்கவும் வேண்டா. ‘பெரட்டுக்குப் போனேன்’ என்பதை ‘வருகைக் கணக்கெடுப்புக்குச் சென்றேன்’ என்று மாற்றிவிட்டால் பதிவு செய்ய வந்ததையே இழந்துவிடுவோம். மாணவர்களே, வாய்ப்பிருந்தால் இன்னொரு வினாவையும் கேளுங்கள்: ‘தாத்தா, உங்கள் லயத்துக்குத் தந்தி வந்தால் யார் படித்துச் சொல்வார்?’ அதற்கு வரும் விடையில் பல சொற்கள் தாமாகவே வந்து விழும்.

தமிழில் ‘நிற்றல்’ என்னும் வினைக்கு ஓய்தல், நிலைத்தல் என இரு பொருளும் உண்டு. தந்தி முதற்பொருளில் நின்றது. தந்தி என்னும் சொல் இரண்டாம் பொருளில் நிற்கிறது. பெரட்டு எப்பொருளில் நிற்கும் என்பது இவ்வாண்டு உங்கள் குறிப்பேடுகளில் எத்தனை வரி ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. விடுமுறை தொடங்குமுன் அப்பணியைத் தொடங்கிவிடுங்கள்.