போர்டு மாட்டினால் மட்டும் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. வங்கி கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியே வயதானவன். நம் கட்டிடத்தில் சில வீடுகளை இப்போது நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அங்கிருந்து சிகரெட் புகை வருகிறது என்று புகார். உங்கள் கொடைக்கானல் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார் செயலாளர்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொடைக்கானலில் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். ஹாலில் ‘புகை பிடிக்காதீர்’ என்று ஒரு போர்டு மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்றிருந்தேன்.

ஒரு மே மாதம். நான்கு இளைஞர்கள் காலி செய்த அன்று மதியமே ஒரு குடும்பம் வந்தது. எட்டு வயதுப் பெண்ணுக்கு ஆஸ்துமா. “வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்க மாட்டார்களே சார்?” என்று முன்பே கேட்டிருந்தார்கள். “போர்டே போட்டிருக்கிறேன்” என்றேன். இரவு பதினொரு மணிக்கு போன். திரைச்சீலை, கம்பளியெல்லாம் சிகரெட் நாற்றம், குழந்தைக்கு மூச்சு இழுக்கிறது என்றார் தகப்பனார். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துவிட்டு, விடிந்ததும் மலையிறங்கிவிட்டார்கள். வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் என் வார்த்தையை நம்பி வந்தவர்கள் அவர்கள். அது இன்றும் உறுத்துகிறது.

ஜன்னலைத் திறந்தால் புகை போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. நிகோடின் சுவரிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு பல நாள் இருக்கும். ரூம் ஸ்பிரே நாற்றத்தை மறைக்குமே தவிர எடுக்காது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2003-ஆம் வருடச் சட்டப்படி பொது இடத்தில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். ஆனால் நாம் வாடகைக்கு விட்ட படுக்கையறைக்குள் யார் வந்து அபராதம் போடப் போகிறார்கள்? நமக்குக் கைகொடுப்பது ஒப்பந்தம்தான். பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆவது பிரிவு. மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகையை எழுதி வைத்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். அதனால் பத்தாயிரம், இருபதாயிரம் என்று எழுதிப் பயமுறுத்துவதில் பிரயோஜனமில்லை. சலவை, மெத்தை சுத்தம், ஒரு நாள் வாடகை நஷ்டம் என்று கணக்குப் போட்டேன். 4,000 ரூபாய் வந்தது. அதையே முன்பணமாக வாங்குகிறேன்.

செய்வது மூன்று காரியம்.

ஒன்று, பணம் வாங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் விதியை அனுப்புகிறேன். அறை, பாத்ரூம், பால்கனி எங்கும் கூடாது, மீறினால் பில்லுக்கு உண்டான தொகை பிடிக்கப்படும் என்று. ‘சம்மதம்’ என்று பதில் வந்தால்தான் புக்கிங்.

இரண்டு, பிடிப்பவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த மழையிலும் குளிரிலும் யார் வெளியே போய் நிற்பார்? தோட்டத்து மூலையில் தகரக் கூரை போட்டு, ஒரு பெஞ்சும் மணல் நிரப்பிய டப்பாவும் வைத்தேன். வெயில் காலத்தில் மலையில் காட்டுத்தீ பயம் வேறு. சிகரெட் துண்டு அந்த மணலில்தான் விழ வேண்டும்.

மூன்று, வாட்ச்மேனைச் சண்டைக்கு அனுப்புவதில்லை. அவரும் வயதானவர். நாற்றம் தெரிந்தால் எனக்கு போன் செய்வார், நான் பேசுவேன். காலி செய்யும்போது வந்தவர்களையும் வைத்துக்கொண்டே அறைகளைப் பார்ப்பார். சரியாக இருந்தால், அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் முழுப் பணமும் அவர்கள் கணக்கில் ஏறிவிடும்.

போன டிசம்பரில் என் மச்சினர் குடும்பத்தோடு போய்த் தங்கினார். பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஊதியிருக்கிறார். சலவைக்கு 1,800 ரூபாய் ஆயிற்று. பில்லோடு மீதியை அனுப்பினேன். பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவிக்கும் வருத்தம்தான். ஆனால் சொந்தக்காரருக்கு ஒரு கணக்கு, வெளியாளுக்கு ஒரு கணக்கு என்றால், நாளைக்கு வாட்ச்மேன் யாரைக் கேட்க முடியும்?

பிரச்சினை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடத்தில் நாலு பேரிடம் பிடித்தம் செய்திருக்கிறேன். நாலு பேருக்கும் பில் கொடுத்தேன். ஒருவரும் வழக்குக்குப் போகவில்லை.

நம் கட்டிடத்தில் ஒரு வீட்டு பாத்ரூமில் பிடித்தால், டக்ட் வழியாகப் புகை மேல் வீட்டுக்குப் போகிறது. மேலே கைக்குழந்தையும் இருக்கலாம், இருதய நோயாளியும் இருக்கலாம். எனவே நாள் வாடகைக்கு விடும் உரிமையாளர்கள் இந்த விதியை எழுத்தில் வாங்க வேண்டும். வருகிறவர்களுக்குச் சங்கம் பின்பக்க கேட் அருகே மணல் டப்பாவோடு ஓர் இடம் ஒதுக்க வேண்டும். புகார் வந்தால் செக்யூரிட்டி நேராக உரிமையாளருக்கு போன் செய்யட்டும். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

டப்பாவும் மணலும் என் செலவு.