பட்டறையும் பரம்பரையும்

(நம் சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் நம் சங்கம் மலரொன்று வெளியிடுகின்றது. அதில் யார் எழுதினார், யார் படம் வரைந்தார் என்று ஆவலுடன் நோக்கும் நாம், அவற்றைத் தாங்கி நிற்கும் காகிதத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. காகித ஆலையை நம்மில் சிலரேனும் கண்டிருப்போம். அவ்வாலைக்கு இயந்திரம் செய்து கொடுப்போரை எவரும் நினைப்பதில்லை. அத்தகைய குடும்பம் ஒன்றன் வரலாற்றை இன்று கூற விரும்புகின்றோம்.

ஜெர்மனியின் தென்பகுதியில், பிரென்ஸ் ஆற்றங்கரையில், ஹைடன்ஹைம் என்றோர் ஊர் உண்டு. 1825ஆம் ஆண்டில் ஜோஹான் மத்தாயஸ் ஃபொய்த் என்பார் தம் தந்தையின் பூட்டுப் பட்டறையை ஏற்றார். பட்டறையில் வேலையாள்கள் ஐவரே. நீர்ச்சக்கரங்களையும் ஆலைக் கருவிகளையும் பழுது பார்ப்பதே அவர்தம் பிழைப்பு.

அந்நாளில் ஐரோப்பாவில் காகிதம் கந்தல் துணியால் செய்யப்பட்டது. நூல்களும் செய்தித்தாள்களும் பெருகப் பெருகக் கந்தலுக்குப் பஞ்சம் உண்டாயிற்று. அவ்வேளையில் சாக்சனி நாட்டு நெசவாளர் ஃபிரீட்ரிக் கோட்லோப் கெல்லர், மரக்கட்டையை ஈரக் கல்லில் தேய்த்தால் நார் பிரியும் என்று கண்டார். கருத்து அவருடையது, ஆனால் அதனை வளர்க்கப் பொருள் அவரிடம் இல்லை. 1846இல் அவ்வுரிமையைக் காகித ஆலையாளர் ஹைன்ரிக் ஃபெல்டர் விலைக்கு வாங்கினார். ஹைடன்ஹைமில் ஃபெல்டரும் ஃபொய்த்தும் சேர்ந்து மரம் அரைக்கும் பொறியை உருவாக்கினர்.

எனினும் ஒரு குறை நின்றது. அரைபட்ட கூழில் சிறு சிராய்கள் மிகுந்திருந்தன. அவை காகிதத்தைக் கரடாக்கின. 1859இல் ஃபொய்த், அக்கூழை மீண்டும் நைய அரைக்கும் கருவி ஒன்றை அமைத்தார். அதன் பின்னரே மரக்கூழ் நல்ல காகிதத்திற்கு உரியதாயிற்று. கண்டவர் ஒருவர், முதலிட்டவர் ஒருவர். அதனைப் பயனுக்குக் கொண்டுவந்ததோ பட்டறையின் பொறுமை. இதனை நாம் மறத்தலாகாது.

அவர் மகன் ஃபிரீட்ரிக், ஸ்டுட்கார்ட் நகரில் பொறியியல் பயின்றவர். 1867ஆம் ஆண்டின் முதல் நாளன்று பட்டறையைத் தந்தையிடமிருந்து ஏற்றார். படித்த மகன் பட்டறைக்குத் திரும்பினார் என்பதே அக்குடும்பத்தின் திருப்பம். மரம் அரைக்கப் பேராற்றல் வேண்டும். ஆகவே நீர்விசைச் சுழலிகள் செய்யத் தொடங்கினார். கூழ் செய்தபின் அது காகிதமாக வேண்டும்; ஆகவே 1881இல் தம் முதற் காகித இயந்திரத்தைச் செய்தார். ஒரு வேலை மறு வேலையை ஈன்றது. 1903இல் நயாகரா அருவிக்கு 12,000 குதிரைத்திறன் கொண்ட சுழலிகள் அப்பட்டறையிலிருந்து சென்றன. 1910இல் இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் பயிற்சிக் கூடமும் திறக்கப்பட்டது.

1913இல் ஃபிரீட்ரிக் மறைந்தார். வால்தர், ஹெர்மன், ஹன்ஸ் என்னும் மைந்தர் மூவரும் பொறுப்பேற்றனர். ஆஸ்திரியாவில் உள்ள சாங்க்ட் போல்டன் தொழிற்சாலையை வால்தர் கவனித்தார். மற்ற இருவரும் ஹைடன்ஹைமில் இருந்தனர். 1971இல் ஹன்ஸ் காலமானார்.

பின்னர் நம் வீடுகளிலும் நிகழ்வது அங்கும் நிகழ்ந்தது. 1992இல் ஹெர்மன் வழியினரும் ஹன்ஸ் வழியினரும் பாகம் பிரித்துக்கொண்டனர். ஒரு கிளைக்கு முதலீடுகளும் பிற தொழில்களும் சென்றன. மறு கிளைக்குத் தொழிற்சாலை சென்றது. ஆயின் பட்டறையைத் துண்டாடவில்லை. அதனால் இன்றும் அந்நிறுவனம் குடும்பத்தின் கையிலேயே நிற்கின்றது. நம் நாட்டிலும் ஃபரிதாபாதில், காகித இயந்திரங்களில் ஈரத்தாளைத் தாங்கிப் பிழியும் ஃபெல்ட் துணி, அந்நிறுவனத்தின் பெயரால் நெய்யப்படுகின்றது. 

அன்பர்களே, இக்கதையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் தந்தையார் தொழிலை ஊரில் விட்டுவிட்டு, உத்தியோகம் நாடி இங்கு வந்தோம். அது தவறன்று, காலத்தின் கட்டாயம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாம் எதனை விட்டுச் செல்கின்றோம்? வீடும் நகையும் பங்கிட்டால் குறையும். கற்ற தொழிலோ, பங்கிடுந்தோறும் பெருகும். ஃபிரீட்ரிக் தம் மைந்தர்க்குத் தொழிற்சாலையை விட்டுச் சென்றார். ஊரார் பிள்ளைகளுக்கோ பயிற்சிக் கூடத்தை விட்டுச் சென்றார். இரண்டாவதை நாமும் செய்ய இயலும். அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

நம் காலனியிலே பொறி பொருத்துவோர் உளர், கணக்கர் உளர், தையற்கலை வல்ல தாய்மார் உளர், வீணை மீட்டுவோரும் உளர். அவர்கள் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது அத்திறனும் அவர்களுடன் மூட்டை கட்டிச் சென்றுவிடுகின்றது. ஞாயிறுதோறும் மாலை ஒரு மணி நேரம், சங்கக் கூடத்தில், அறிந்தவர் அறியாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாதா? செயற்குழுவினர் இதனை ஆராய வேண்டுகின்றோம். ஐந்து பிள்ளைகள் வரினும் போதும். ஹைடன்ஹைமிலும் ஐவருடனேயே தொடங்கினர்.