மதிப்பெண் ஒரு நொடியில் போகிறது, பிள்ளை போக முடிவதில்லை

(பிளஸ் 2 முடித்த மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட திருவொற்றியூர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் 2 முடிவு 2023-ல் மே 8 அன்று வந்தது. 2024-ல் மே 6, 2025-ல் மறுபடியும் மே 8. இந்தத் தேதிகளைக் காசிமேட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகில் போகிற அப்பாவுக்கு வருமானம் இல்லை. ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், மீன் வெட்டித் தருகிற அம்மா, எல்லோருக்கும் கை வறண்ட காலம். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பங்களுக்குப் பணம் புரட்ட வேண்டியதும் அதே நாட்களில்தான்.

மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது இன்று பெரிய வேலையே இல்லை. பொறியியல் கலந்தாய்வில் பதிவு எண்ணைக் கொடுத்தால் போதும், தேர்வுகள் இயக்ககத்திலிருந்து மதிப்பெண் தானாக வந்து விழுகிறது. நடுவில் யாருடைய கையும் இல்லை. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் மதிப்பெண்ணோடு பள்ளி ஆலோசகரின் கடிதமும் சேர்ந்து போகும். 1920களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க ஹார்வர்டு கண்டுபிடித்த வழி, மதிப்பெண்ணோடு 'குணநலனையும்' பார்ப்பது. அங்கே குணம் என்றார்கள், இங்கே 'ஃபேமிலி பேக்ரவுண்ட்' என்பார்கள். நடுவில் ஒரு கை வந்தால், அந்தக் கைக்கு ஒரு சாதியும் வந்துவிடும்.

பொறியியலுக்கு 1997-லேயே ஒற்றைச் சாளரம் வந்துவிட்டது. கலை அறிவியல் படிப்புக்கு அப்படி இல்லை. நான் பிளஸ் 2 முடித்தபோது மதிப்பெண் 1200-க்கு. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக வரிசையில் நின்று ஃபாரம் வாங்கினோம். ஜெராக்ஸில் சான்றொப்பம் வாங்க கெசட்டட் ஆபீசரைத் தேட வேண்டும். எங்கள் தெருவில் யாருக்குக் கெசட்டட் ஆபீசரைத் தெரியும்?

இப்போது அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியோ, பாரதி மகளிர் கல்லூரியோ, ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் 50 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அரசு உதவிபெறும் கல்லூரிகள் இந்தச் சாளரத்துக்கு வெளியே நிற்கின்றன. அவற்றின் உதவிபெறும் பிரிவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து போகிறது. சேர்க்கை மட்டும் அவரவர் விருப்பம்.

இதில் இழப்பு யாருக்கு? முடிவு வருவதற்கு முன்பே ஐந்தாறு கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டு, வந்த அன்றே மதிப்பெண்ணைப் பதிவேற்றுகிற வீடுகள் இருக்கின்றன. முடிவைப் பார்த்த பிறகு, கடன் வாங்கி, பிரவுசிங் சென்டருக்குப் போகிற வீடுகளும் இருக்கின்றன. எண்ணூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது கவுன்ட்டரில் ஒரு வாக்கியம் காத்திருக்கும்: "எய்டட் முடிஞ்சிடுச்சும்மா, ஷிப்ட் டூ இருக்கு." ஷிப்ட் டூ என்றால் சுயநிதி, கட்டணம் பல மடங்கு. எய்டட் இடம் உண்மையிலேயே முடிந்ததா, பட்டியல் சாதிக்கான 18 சதவீதம் நிரம்பியதா, கடைசியாகச் சேர்ந்தவர் எடுத்த மதிப்பெண் எவ்வளவு? அந்தப் பிள்ளை எதை வைத்துச் சரிபார்க்கும்? பொறியியலில் தரவரிசை ஊருக்கே தெரியும். இங்கே ஒரு வாக்கியத்தை நம்பித் திரும்பி வர வேண்டும்.

சிறுபான்மைக் கல்லூரிகளின் உரிமை என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் மிஷன் பள்ளிகள் இல்லையென்றால் நம் பாட்டிகளில் பலர் எழுத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பொறியியலில் இதற்கு ஏற்கெனவே வழி கண்டாகிவிட்டது. சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மையினர் நடத்துபவை 50 சதவீத இடங்களையும் மற்றவை 65 சதவீத இடங்களையும் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. அரசிடம் சம்பளம் வாங்காத கல்லூரியே கொடுக்கும்போது, வாங்குகிற கல்லூரி ஏன் கொடுக்கக் கூடாது? எய்டட் இடங்கள் ஒற்றைச் சாளரத்துக்கு வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

அதுவரைக்கும் சில வேலைகள் இருக்கின்றன. அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரிகள் அவற்றைப் பிடித்துவைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள், மே மாதத்தில் இ-சேவை மையத்தில் நிற்க இடமிருக்காது.

இங்கே வந்திருக்கும் கல்லூரித் தோழர்களுக்குத் தனியாக ஒரு வேலை. அரசு நிதியில் நடக்கும் நிறுவனங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. சேர்க்கை முடிந்ததும், வடசென்னைப் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு உதவிபெறும் கல்லூரிக்கும் ஒரு மனு போடுவோம். கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொரு எய்டட் துறையிலும், ஒவ்வொரு இடஒதுக்கீட்டுப் பிரிவிலும் கடைசியாகச் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் என்ன? பெயர் வேண்டாம், எண் போதும். மனு மாதிரியைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்.